வில்லுப்பாட்டில் வரலாறு, நோட்டில் கோலம்: பிள்ளை படிக்கிறாளா இல்லையா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் தக்கலைப் பக்கம். மகள் உதவிபெறும் நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். புதிதாக வந்த தலைமையாசிரியை ‘கலையோடு பாடம்’ என்று சொல்லி எல்லாவற்றையும் பாட்டும் நாடகமும் படமுமாக மாற்றிவிட்டார். குளச்சல் போரை வில்லுப்பாட்டாகப் பாடுகிறார்கள். கணக்கு நோட்டைத் திறந்தால் கோலம். செயல்திட்டத்துக்கு தெர்மாகோலும் சார்ட்டும் வாங்கியே கை கடிக்கிறது. மகள் சந்தோஷமாகத்தான் போகிறாள், ஆனால் அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வு, அதற்கப்புறம் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி. “படிக்க அனுப்பினீங்களா, கூத்துக்கு அனுப்பினீங்களா?” என்று வீட்டுக்காரரின் அண்ணன் கேலி செய்கிறார். அவர் பையன் சிபிஎஸ்இ. பொம்பளப்பிள்ளை வில்லடிப்பது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. மகளோ உடுக்கை வாங்கித் தா என்கிறாள். இப்போதே பள்ளியை மாற்றிவிடலாமா?
– பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: தங்கச்சி, பள்ளியை மாற்ற வேண்டாம். எட்டு முடிந்ததும் எப்படியும் மாறத்தான் போகிறாள், அதற்குள் வருட நடுவில் இன்னொரு தடவை புது வகுப்பு, புது டீச்சர் என்று பிள்ளையை அலைக்கழிக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அதற்காக, சந்தோஷமாக இருக்கிறாள்தானே, விடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். வில்லுப்பாட்டு, கோலம், தெர்மாகோல் மூன்றையும் ஒரே கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் முதலாவது அருமையான படிப்பு, இரண்டாவது நோட்டைப் பார்த்தால்தான் தெரியும், மூன்றாவது தண்டச் செலவு.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவில் கலைக்கென்றே நடுநிலைப்பள்ளிகள் உண்டு, ஆறு முதல் எட்டு வரை கணக்கு, அறிவியலோடு நாடகம், இசை, நடனமும் பாடமாகவே நடக்கும். அங்கே கென்னடி சென்டர் என்ற கலை நிறுவனம் இந்த முறைக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. பிள்ளை ஒரு கலை வழியாகப் பாடத்தைப் புரிந்துகொண்டு, அந்தக் கலை வழியாகவே புரிந்ததைக் காட்ட வேண்டும், பாடம், கலை இரண்டிலும் குறிக்கோள் நிறைவேற வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டிலும் என்பதை விட்டுவிடாதீர்கள். பாட்டு நன்றாக இருந்து பாடம் இல்லையென்றால் அது ஆண்டு விழா. பாடம் இருந்து பாட்டில் தாளமே இல்லையென்றால் மனப்பாடத்துக்கு மெட்டுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது குளச்சல் போருக்கு வாருங்கள். 1741-இல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைக் குளச்சலில் தோற்கடித்தது, பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிற்பாடு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானார். சண்டை ஏன் வந்தது என்று கேட்டால் மிளகு வியாபாரத்தில் போய் நிற்கும். இதைப் பத்து வரியில் மனப்பாடம் செய்து ஒப்பிக்கலாம், மறுநாள் மறக்கலாம். வில்லுப்பாட்டில் அது நடக்காது. காப்பு என்ற கடவுள் வாழ்த்துப் பாடி, வருபொருள் உரைத்து, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, அப்புறம்தான் கதைக்குள் நுழைய முடியும். வருபொருள் உரைக்க வேண்டுமென்றால் மொத்தக் கதையையும் நாலு வரியில் சுருக்கத் தெரிந்திருக்க வேண்டும். நாட்டு வளம் பாட வேண்டுமென்றால் மிளகு எங்கே விளைந்தது, யார் வாங்கினார்கள், யார் விலை வைத்தார்கள் என்று தேடியாக வேண்டும். பெரிய வினாவுக்கு விடை எழுதச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் இதைத்தானே மண்டையில் அடித்து அடித்துச் சொல்கிறார்?

அதைவிட எனக்குப் பிடித்தது, எதிர்ப்பாட்டுக்காரர் வேலை. நடுவில் இருப்பவர் வீசுகோல் என்ற குச்சியால் வில்லின் நாணைத் தட்டி ஒரு வரி சொன்னதும், பக்கத்தில் குடமோ உடுக்கையோ வைத்திருப்பவர் “ஆமா” போட்டுவிட்டு, “அது சரி, இம்புட்டுத் தூரம் கப்பல்ல வந்தவனுக்கு நம்ம மிளகு மேல அப்படி என்ன ஆசை?” என்று குறுக்கே ஒரு கேள்வி போடுவார். ஏழாம் வகுப்புப் பிள்ளை அந்தக் கேள்வியைத் தானே யோசித்துப் போட்டால் அவளுக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். டீச்சர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து வாசித்தால் இல்லை. உங்கள் மகளிடம் இதை மட்டும் கேளுங்கள்: பாட்டில் எந்த வரி அவளுடையது? ஒரு வரியாவது இருந்தால் எனக்குப் போதும். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். டிலனாய் கல்லறை அங்கே இருக்கிறது, கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருப்பார்கள். தான் பாடின ஆள் உண்மையில் இருந்த ஆள் என்று கண்ணால் பார்க்கட்டும்.

கோலத்துக்கு வருவோம். ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்றில் நிறுத்து என்றால் வரிசை 1, 3, 5, 7, 5, 3, 1. கூட்டினால் 25. மேல் பாதியில் 1, 3, 5, 7 கூட்டினால் 16, அது 4-இன் வர்க்கம். மிச்சம் 9, அது 3-இன் வர்க்கம். ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்பதை வாசலில் புள்ளி வைக்கிற பிள்ளை தானே கண்டுபிடிக்கலாம், அடுத்து ஒன்பது புள்ளிக்கு எத்தனை என்று வைக்காமலே சொல்லலாம். நோட்டில் கோலத்துக்குப் பக்கத்தில் இப்படி எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது கணக்கு வகுப்பு. கலர் பென்சில் மட்டும்தான் இருக்கிறதென்றால் அது ஓவிய வகுப்பு, ஓவியத்துக்கு அது நல்லதுதான், ஆனால் கணக்குப் பீரியடை எடுத்துக்கொள்ளக் கூடாது. தோவாளையில் கட்டுகிற மாணிக்க மாலை என்ற பூமாலையைக்கூட இப்படிப் பாடமாக்கலாம், அரளியும் நொச்சி இலையும் எந்த விகிதத்தில் மாறி மாறி வருகின்றன என்று எண்ணினாலே விகிதப் பாடம் பாதி முடிந்துவிடும். ஆனால் பின்னமும் முழுக்களும் கைக்குப் பழக, தினமும் நாலு கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும், அதற்குக் கோலத்திடம் வழி கிடையாது.

தெர்மாகோல் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா வெட்டி, அம்மா ஒட்டி, பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போது முடிகிற கோட்டையில் பாடமும் இல்லை, கலையும் இல்லை. தலைமையாசிரியையிடம் நேராகச் சொல்லுங்கள்: செயல்திட்டத்தைப் பள்ளியிலேயே, பிள்ளைகள் கையாலேயே, களிமண்ணோ பழைய அட்டையோ கிடைத்ததை வைத்துச் செய்யட்டும் என்று. அவர் நல்ல மனதோடு ஆரம்பித்தவர் போலத் தெரிகிறது, கேட்பார்.

உங்கள் பெரிய பயம் என்எம்எம்எஸ். நியாயமான பயம்தான். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய், சும்மா விடுகிற பணமா? மனத்திறனுக்கு 90 கேள்வி, படிப்புத்திறனுக்கு 90. படிப்புத்திறனில் ஏழாம் வகுப்புப் பாடமும் வரும் என்பதால் இந்த வருடத்தை விட்டுவிட முடியாது. கலை படித்தால் மதிப்பெண் தானாகக் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், இருவருமே கலைக்கல்வியின் பக்கம் நிற்பவர்கள், அதுவரை வந்த ஆய்வுகளை 2000-இல் தொகுத்துப் பார்த்தார்கள். பொதுவாக மதிப்பெண் உயரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆதாரம் தேறிய சிலவற்றில் ஒன்று வகுப்பறை நாடகம்: அதனால் வாசிப்பும் மொழித்திறனும் வளர்ந்தன. உங்கள் மகள் பாடுவதும் பேசுவதும் அந்த வகைதான். ஆக, பாதகமில்லை, ஆனால் தேர்வுக்குப் பயிற்சி தனியாக வேண்டும். மே மாத லீவிலிருந்து பழைய வினாத்தாள்களை எடுத்து, வாரம் ஒன்று என்று நேரம் வைத்துப் போட வையுங்கள். இப்போதைக்கு, வில்லுப்பாட்டில் பாடினதை அன்றைக்கே ஒரு பக்க விடையாக எழுதச் சொல்லுங்கள். பாடவும் வந்து எழுதவும் வந்தால் கவலையில்லை. எழுத வராவிட்டால் அந்த நோட்டோடு போய் டீச்சரைப் பாருங்கள், வெறும் வாயோடு போய் “படிப்பு போச்சு” என்றால் அவருக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியாது.

வீட்டுக்காரரின் அண்ணனுக்கு ஒரு செய்தி. சிபிஎஸ்இ-யும் 2020-21 முதல் ஒன்று முதல் பத்து வரை கலையோடு இணைந்த செயல்திட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. அவர் பையனும் இதைத்தான் செய்துகொண்டிருப்பான், இங்கிலீஷில் செய்வதால் அவருக்குக் கூத்தாகத் தெரியவில்லை போல.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பூங்கனி அம்மாள் பெயரை எடுங்கள், நம் மாவட்டத்துக்காரர், சின்ன வயதிலேயே வில்லடிக்க வந்து ஊர் ஊராகக் கோயில் கொடை விழாக்களில் பாடியவர், 2018-இல்தான் காலமானார். பாட்டைக் கேட்க உட்கார்ந்த சனம் பெண் என்று பார்த்து எழுந்து போகவில்லை. மாமியாரே சின்ன வயதில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டிருப்பார், அந்தக் கதையைப் பேத்தியிடம் சொல்லச் சொல்லுங்கள், அவளுக்கு வீட்டுப்பாடத்துக்கும் ஆகும்.

உடுக்கையை வாங்கிக் கொடுங்கள், தெர்மாகோலில் மிச்சம் பிடித்த காசிலேயே வந்துவிடும். பெரிதாக வேண்டாம், சின்னப்பிள்ளை கைக்கு அடங்குகிறதாகப் பார்த்து வாங்குங்கள். எட்டு மணிக்கு மேல் அடிக்கக் கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள்.