கேள்வி – பதில்: பெண் கொடுத்த வீடே தெய்வம்

கேள்வி: வட சுமத்ராவின் காரோ இனத்தைச் சேர்ந்த என் சக ஊழியர், தங்கள் ஊரில் பெண் கொடுத்த வீட்டாரைக் கண்கண்ட தெய்வம் என்பார்கள் என்றார். இது உபசாரப் பேச்சா, பழமொழியா? நம் வழக்கு அங்கே போனதா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: காலங்காலமாக வழங்கிவரும் முதுமொழிதான் அது. ‘திபாத்தா நி இடா’ என்பார்கள். தெய்வம் போன்றவர்கள் என்று ஒப்பிடாமல் தெய்வமே என்று சொல்வதால், நம் அணியிலக்கணப்படி இது உவமையன்று, உருவகம்.

காரோ மக்கள் பெண் கொடுத்த குலத்தாரைக் ‘கலிம்புபு’ என்றும், பெண் எடுத்த குலத்தாரை ‘அனாக் பெரு’ என்றும், தம் குலத்தாரைச் ‘செனினா’ என்றும் அழைக்கின்றனர். இம்மூன்றையும் சேர்த்து அடுப்பின் மூன்று கற்கள் என்பதும் அவர்களிடையே உள்ள உருவகம். ஒரு கல் விலகினால் பானை கவிழும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கற்கள் மூன்றும் ஒரே உயரம் என்று எண்ணிவிடாதீர்கள்: விசேஷ வீட்டில் அரிசி களைவதும் பரிமாறுவதும் அனாக் பெருவின் கடமை, கலிம்புபுவோ மரியாதைக்குரிய இடத்தில் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் மனம் நோகும்படி நடந்தால் குடும்பத்துக்குக் கேடு வரும் என்பது பழைய நம்பிக்கை.

இந்த ஏற்றத்துக்குக் காரணம் மணமுறை. தாய்மாமன் மகளை மணப்பது அங்கே விரும்பத்தக்கது. அத்தை மகளை மணப்பது மரபில் விலக்கு. ஆகவே பெண்கள் ஒரே திசையில்தான் செல்வார்கள், கொடுத்த குலம் தலைமுறைதோறும் கொடுத்த குலமாகவே நிற்கும். நம்மிலோ மாமன் மகளும் முறைப்பெண், அத்தை மகளும் முறைப்பெண். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் உண்டு. தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்திக் காது குத்தும் நாம், கண்கண்ட தெய்வம் என்ற பட்டத்தை மட்டும் கணவனுக்குக் கொடுத்தோம், சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளை தரப்புக்கே முறுக்கையும் விட்டுவைத்தோம். அவர்கள் அந்தப் பட்டத்தைப் பெண் வீட்டுக்குக் கொடுத்ததே எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது.

ஆதலால் இந்த உருவகம் நம்மிடமிருந்து போனதென்று நான் சொல்லமாட்டேன். தொடர்பே இல்லை என்பதும் தவறு: சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டின் தமிழ் வணிகர் கல்வெட்டு கிடைத்திருக்கிறது; காரோவின் 5 பெருங்குலங்களுள் ஒன்றான செம்பிரிங்கில் சோலியா, பாண்டியா என்ற உட்பிரிவுகளும் உள்ளன. உங்கள் நண்பர் செம்பிரிங் குலத்தவரானால், உட்பிரிவையும் கேட்டுவிடுங்கள்.