காட்டுத்தீயில் அழிந்த ஊர்களுக்கு நாம் அனுப்பும் பணம் உண்மையில் அந்த மக்களுக்குப் போய்ச் சேர்கிறதா?

நீங்கள் ஏற்கெனவே எங்கேயோ பணம் கொடுத்துவிட்டு, அது என்ன ஆயிற்று என்று தெரியாமல் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஆஸ்திரேலியா மட்டும்தான். நியூ சவுத் வேல்ஸின் தென்கோடியில், பீகா பள்ளத்தாக்கில், முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். 2019 டிசம்பர் 31 அன்று நைட் டியூட்டி முடிந்து வெளியே வந்தால், மணி ஏழரை ஆகியும் விடியவில்லை. வானம் முழுக்க இருண்ட சிவப்பு. பக்கத்து ஊரான கொபார்கோவின் கடைத்தெரு அன்றுதான் எரிந்தது.

அடுத்த வாரமே லாரி லாரியாகத் துணி வந்தது. எங்கள் ஊர் மண்டபத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்ததைப் பிரித்து அடுக்கவே தினம் பத்துப் பேர் வேண்டியிருந்தது. அதே நேரத்தில் பண்ணைகளில் கரண்ட் இல்லாமல், கறவை மெஷின் ஓடாமல், பால் கட்டிய மடியோடு மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. அவர்கள் கேட்டது ஜெனரேட்டர், டீசல், வேலிக் கம்பி. கார்டு மெஷினும் படுத்துவிட்டதால் கையில் நோட்டு வைத்திருந்தவருக்குத்தான் பெட்ரோல். அதனால் பொருளாக அனுப்பாதீர்கள், பணமாகவே அனுப்புங்கள்.

பணத்திலும் யார் பெயருக்குப் போகிறது என்று பாருங்கள். செலஸ்ட் பார்பர் என்ற நகைச்சுவை நடிகை 30,000 டாலர் இலக்கு வைத்து ஃபேஸ்புக்கில் நிதி கேட்டார். 5 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. வீடு இழந்தவர்களுக்கும் கிடைக்கும் என்று நம்பித்தான் பலர் கொடுத்தார்கள். பணம் போனதோ மாநிலத் தீயணைப்புத் தொண்டர் படையின் அறக்கட்டளைக்கு. அந்த அறக்கட்டளையின் பத்திரத்தில் எழுதியிருக்கும் நோக்கத்தை மீறி மற்ற தொண்டு அமைப்புகளுக்குத் தர முடியாது என்று 2020 மே மாதம் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார்பர் மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்தத் தொண்டர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான், அவர்களுக்குப் போனதும் சந்தோஷமே. நான் சொல்வது, பணம் யாருக்கு, எதற்குப் போகும் என்று எழுதியிருக்கும் அந்த ஒரு பத்தியைக் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள் என்றுதான்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மண்டபத்துக்கு ஒரு ஜெனரேட்டரும் 22,500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும் என்று மானியத்துக்கு எழுதினோம். மண்டபக் கமிட்டிச் செயலாளருக்கு எழுபது வயது. வீடு எரிந்து, மகள் வீட்டு வாசலில் ஒரு கேரவனில் இருந்தார். மண்டபத் தாழ்வாரத்தில்தான் போன் சிக்னல் வரும். அங்கே உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்து இரண்டு பேரும் ராத்திரி ராத்திரியாக எழுதினோம். மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். கூப்பிட்டால் வரக்கூடிய ஒரே எலக்ட்ரீஷியனுக்கு நாலு மாத வேலை காத்திருந்தது. ‘இத்திட்டத்தின் பலனை எவ்வாறு அளவிடுவீர்கள்?’ என்ற கட்டம் வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதை அப்படியே எழுது” என்றார். எழுதினேன். ஐந்து மாதம் கழித்து, நிராகரித்ததாக இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. அதை அவரிடம் படித்துக் காட்டியதும் நான்தான். அப்புறம் ஒரு சிறிய கிராமப்புற அறக்கட்டளை மூன்று பக்கப் படிவத்துக்கே பணம் கொடுத்தது.

அரசாங்கத்தைத் திட்ட வந்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்திய அரசு 2020 ஜனவரியிலேயே 200 கோடி டாலர் அறிவித்தது. எரிந்த வீடுகளின் இடிபாடுகளை, ஆஸ்பெஸ்டாஸ் உட்பட, காசு வாங்காமல் அள்ளிக்கொண்டு போனார்கள். அது பெரிய உதவி. ஆனால் நாங்கள் விண்ணப்பிக்காத வேறொரு மாநில மானியத்தில், 10 லட்சம் டாலருக்குக் குறைவான திட்டங்களை விதிமுறையில் இல்லாத ஒரு வரம்பைச் சொல்லி ஒதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். இதை 2023இல் மாநிலத் தணிக்கை அலுவலகமே வெளியிட்டது. ஒரு ஊர் மண்டபம் பத்து லட்சமா கேட்கும்?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் கிராமப்புற விசாவில் வந்தவள், பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை அப்போது கிடைக்கவில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவர் “பி.ஆர். கிடைத்ததும் சிட்னிக்குப் போய்விடுவீர்கள், உங்களுக்கு எதற்கு இந்த வேலை?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சிட்னியில் இருக்கும் என் சொந்தக்காரர்களும் அதையேதான் கேட்கிறார்கள். பி.ஆர். வந்து வருடங்கள் ஆகின்றன. இங்கேதான் இருக்கிறேன்.

இன்னொரு விஷயம், பணத்தை முதல் மாதத்திலேயே கொட்டிவிடாதீர்கள். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 பேரைக் கொன்ற தீக்குப் பிறகு, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் அங்குள்ள மக்களைப் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஊர்க் குழுக்களில் இருந்தவர்கள் மனதளவில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். எங்கள் ஊரிலும் ஆட்கள் உடைந்து அழுதது இரண்டாம் வருடம்தான், காப்பீட்டுப் பணம் கட்டுமானச் செலவுக்குப் போதாது என்று தெரிந்தபோது. அதற்குள் கேமராக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மண்டபத்தில் வெள்ளிக்கிழமை சாப்பாடு மட்டும் நடந்துகொண்டிருந்தது, சிலர் அதற்காக மட்டுமே வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். இப்படி ஊர் ஒன்றுகூடும் காரியங்களுக்குப் பணம் கொடுக்கும் உள்ளூர் நிதி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள், இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் கொடுங்கள்.

ஜெனரேட்டரை மாதத்தின் முதல் சனிக்கிழமை பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது இப்போது என் பொறுப்பு. தொட்டி நிரம்பித்தான் இருக்கிறது.