மகன் நெற்றியைச் சுளிப்பது கோபத்தினாலா?

கேள்வி: தரம் 8இல் படிக்கும் என் மகன் கணித பாடத்தின்போது புருவத்தை நெரித்துக்கொண்டு ஆசிரியரை முறைப்பதாகப் பாடசாலையில் சொல்கிறார்கள். வீட்டில் புத்தகத்தைத் திறந்தாலும் அதே முகந்தான். ஏன் முறைக்கிறாய் என்று கேட்டால், முறைக்கவில்லை என்கிறான். அவன் மனத்தில் ஏதாவது கோபம் இருக்குமா? – தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய், ஹட்டன்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானது, புத்தகத்தைத் திறக்கும்போதும் அவன் முகம் அப்படியே மாறுகிறது என்ற செய்திதான். ஆசிரியர்மீது கோபம் கொண்ட பிள்ளைக்குப் புத்தகத்தை முறைக்க வேண்டிய தேவையில்லை. ஆகவே கோபம் என்ற முடிவை ஒத்திவைத்து, முதலில் அவனுடைய கண்களைப் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

இரு புருவங்களின் உள்முனைகளிலும் உள்ள சிறிய தசைகள் சுருங்கும்போது புருவங்கள் தாழ்ந்து நெருங்க, நடுவில் செங்குத்தான கோடுகள் விழுகின்றன. உணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படும் விதம் பற்றி 1872இல் நூல் எழுதிய சார்ள்ஸ் டார்வின், ஒருவர் எவ்வளவு ஆழமாகச் சிந்தித்தாலும், சிந்தனையில் ஒரு தடை குறுக்கிடும் வரை அவருடைய நெற்றி சுருங்குவதில்லை என்று குறிப்பிட்டார். கூசும் வெளிச்சத்தில் தூரத்துப் பொருளைக் காண முயலும்போதும் புருவம் தாழ்வதை அவர் கவனித்திருந்தார். கோபத்துக்கும் இந்தச் சுளிப்புக்கும் தொடர்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குழப்பம், வலி, கூர்ந்த கவனம் ஆகியவற்றிலும் இதே தசைகளே இயங்குவதால், நெற்றியை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையின் மனத்தைத் தீர்மானிப்பது அவனுக்குச் செய்யும் அநீதியாகும்.

மலையகத்தில் மூடுபனி இறங்கும் நாட்களில் வகுப்பறை பகலிலேயே இருண்டுவிடும். லயன் அறையில் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மின்குமிழின் கீழ்தான் படிக்கிறார்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இத்தகைய மங்கிய வெளிச்சம் சிரமத்தை இன்னும் கூட்டும். கரும்பலகையைப் பார்க்கையில் கண்ணை இடுக்குகிறானா, புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோகிறானா, படித்து முடித்ததும் தலைவலி என்கிறானா, ஒரு கண்ணை மூடச் செய்தால் சுவரிலுள்ள நாட்காட்டியை வாசிக்கத் தடுமாறுகிறானா என்று கவனியுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் தூரத்து எழுத்துகளைச் சரியாக வாசித்திருந்தாலும் அதை முடிவாகக் கொள்ள வேண்டாம். தூரப்பார்வை, அதாவது கிட்டவுள்ளவை தெளிவாகத் தெரியாத குறைபாடு, உள்ள பிள்ளைகள் கண்ணைச் சிரமப்படுத்தி அந்த எழுத்துகளை வாசித்துவிடுவதுண்டு. அரச வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் காட்டுவதே சரி.

கண்ணில் குறையில்லை என்றால், கணிதத்தில் அவன் எங்கே தடைப்படுகிறான் என்று பாருங்கள். ஏன் முறைக்கிறாய் என்று கேட்காமல், எந்த இடத்தில் விளங்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். முதற்கேள்வி குற்றம் சுமத்துவதால் பிள்ளை வாயை மூடிக்கொள்வான். உண்மையான கோபமாயின் இறுகிய உதடு, கடித்த பல், மாறிய குரல் எனப் பிற அடையாளங்களும் பெரும்பாலும் கூடவே இருக்கும். கோபமூட்டிய பேச்சு முடிந்த பிறகும் அந்தக் கோபம் சட்டென்று தணியாது. சுளிப்புடன் உறக்கமும் பசியும் குறைந்து, நண்பர்களையும் அவன் தவிர்த்தால், தாமதிக்காமல் வைத்தியரிடம் பேசுங்கள்.

கிளினிக் திகதி கிடைக்கும் வரை, அவனை முன்வரிசையில் அமர்த்தும்படி ஆசிரியரைக் கேளுங்கள். அங்கே நெற்றி தளர்ந்தால், அதையும் கண் வைத்தியரிடம் சொல்லுங்கள்.