டயானா மிட்ஃபோர்டை மன்னிக்கலாமா?

கேள்வி: டயானா மிட்ஃபோர்டின் பழைய புகைப்படங்களைப் பார்த்தேன். என்ன ஒரு அழகு! காதலித்த ஆள் ஃபாசிஸ்ட் தலைவராகப் போய்விட்டார், அவ்வளவுதானே? அதற்காக ஓர் இளம்பெண்ணை இன்னமும் தூற்றுவது நியாயமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அழகி என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் காதல் மேல் பழியைப் போட்டு அவரைத் தப்பவிட முடியாது.

இங்கிலாந்தின் ரீடெஸ்டேல் பிரபுவின் மகள். 1929இல், 18 வயதில், கின்னஸ் பீர் குடும்பத்து வாரிசை மணந்து லண்டன் விருந்துகளின் நாயகியானார். 1932இல், பிரிட்டனில் அதே ஆண்டு ஃபாசிஸ்ட் கட்சி தொடங்கிய ஆஸ்வால்ட் மோஸ்லியைச் சந்தித்தார். அவருக்காகக் கணவரை விட்டு வந்தார். மோஸ்லிக்கும் அப்போது மனைவி இருந்தார். சரி, அதெல்லாம் அவர்கள் சொந்த விஷயம்.

அடுத்து நடந்தவை அப்படியல்ல. 1933இல் தங்கை யூனிட்டியோடு நியூரம்பர்க் நாஜி மாநாட்டுக்குப் போனார். 1936 அக்டோபர் 4 அன்று, யூதர்கள் நிறைய வாழ்ந்த கிழக்கு லண்டனுக்குள் மோஸ்லியின் கறுப்புச் சட்டைப் படை ஊர்வலம் போகப் பார்த்தது. கேபிள் தெருவில் மக்கள் தடுப்பு போட்டு மறித்தார்கள். அதற்கு இரண்டே நாள் கழித்து பெர்லினில், நாஜி பிரசார அமைச்சர் கோயபல்ஸ் வீட்டில், டயானாவுக்கும் மோஸ்லிக்கும் ரகசியக் கல்யாணம். விருந்தாளி ஹிட்லர், அவர் தந்த பரிசு, வெள்ளிச் சட்டமிட்ட தன் படம். மோஸ்லியின் கட்சிக்குப் பணம் சேர்க்க ஜெர்மனியில் வானொலி நிலையம் அமைக்க அனுமதி கேட்டு நாஜிகளிடம் பேரம் பேசியவரும் டயானாதான். காதல் மயக்கத்தில் செய்கிற வேலையா இது?

ஜெர்மனியோடு போர் நடந்த 1940இல், 11 வாரக் கைக்குழந்தையைப் பிரித்து, விசாரணையே இல்லாமல் பிரிட்டிஷ் அரசு அவரை லண்டனின் ஹாலோவே சிறையில் அடைத்தது கொடுமைதான். அதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் 1989இல், 79 வயதில், பிபிசி வானொலியில் பேசியபோதும் ஹிட்லரைப் பரிவோடுதான் நினைவுகூர்ந்தார். 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை நம்ப மறுத்தார். அப்போதும் இளம்பெண்ணா அவர்?

வளர்ப்பு அப்படி என்றும் சொல்ல முடியாது. அதே வீட்டில் வளர்ந்த தங்கை ஜெசிகா, 1937இல் 19 வயதில், ஃபாசிஸத்தை எதிர்த்துப் போரிட்ட ஸ்பெயின் குடியரசின் பக்கம் நிற்க வீட்டைவிட்டு ஓடினார். கூடப் போய்க் கணவரானவர், 1941இல் ஜெர்மனிக்கு எதிரான போரில் வடகடலில் விமானத்தோடு மடிந்தார். 1943இல் டயானாவை விடுவித்தபோது, அவரைத் திரும்பச் சிறையில் அடையுங்கள் என்று சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதியவர் இந்தத் தங்கைதான்.