டார்ஜிலிங் தேயிலையைப் பாலில் கொதிக்கவிடாதீர்கள்

100 கிராம் டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் (ஆண்டின் முதல் பறிப்பு) 800 ரூபாய்க்கு வாங்கினீர்கள், பாலில் போட்டால் நிறமும் இல்லை, திடமும் இல்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்கிறீர்கள். அநேகமாக இல்லை. மார்ச், ஏப்ரலில் பறிக்கும் இளந்தளிர் அது. ஆக்சிஜனேற்றம் (இலை காற்றுபட்டுக் கறுப்பது) குறைவு என்பதால் காய்ந்த இலையிலேயே பச்சை தெரியும். பாலைத் தாங்கும் சரக்கே அல்ல.

தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். ஒரு கோப்பைக்கு 2 கிராம் இலை, மூன்று நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். வெளிர் பொன்னிறத்தில் இறங்கும். மூடியைத் திறந்தவுடன் மூக்கை அருகில் கொண்டுபோங்கள், கொடுத்த காசு அங்கேதான் இருக்கிறது. அதிகம் ஊறினால் துவர்த்துவிடும்.

பால் தேநீர்தான் உங்கள் விருப்பம் என்றால் (என் விருப்பமும் அதுவே, காலையில் மட்டும்), நீலகிரி சி.டி.சி. டஸ்ட் (இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய தூள்) மூன்று பங்கு, குன்னூர்ப் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் பி.ஓ.பி. (பழைய முறையில் உருட்டிய, உடைந்த இலைத் தேயிலை) ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். திடம் டஸ்டிலிருந்து, மணம் பி.ஓ.பி.யிலிருந்து. நீங்கள் 100 கிராமுக்குக் கொடுத்த தொகையில் இந்தக் கலவை ஒரு கிலோவுக்கு மேலேயே கிடைக்கும்.

உறையில் எஸ்.எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி. என்று நீளமாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். அது இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்லும் தரக்குறியீடு. சுவைக்கு உத்தரவாதம் அல்ல. அடுத்த முறை, பறித்த ஆண்டைக் கேட்டு 50 கிராம் மட்டும் வாங்குங்கள்.