போனில் போட்ட கோடு கிண்டிலிலும் வர வேண்டுமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். காலையில் பஸ்ஸில் போனில் படிக்கிறார், ராத்திரி அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில், ஞாயிற்றுக்கிழமை என்றால் பையனுடைய டேப்லெட்டில் பழைய பிடிஎஃப் புத்தகங்கள். கதை, கட்டுரை, கொஞ்சம் வரலாறு. பரீட்சை எதற்கும் படிக்கவில்லை. பிடித்த வரியை ஹைலைட் செய்யும் பழக்கம் உண்டு, ஆனால் போனில் செய்தது கிண்டிலில் வருவதில்லை. எல்லா ஹைலைட்டையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்கும் ஒரு சேவைக்கு மாதச் சந்தா கட்டச் சொல்லி அலுவலகத்தில் ஒருவர் நச்சரிக்கிறாராம். "எனக்கு இதெல்லாம் தேவையா, இல்லை நான்தான் ஏதோ வசதியை விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேனா?" என்று கேட்கிறார்.

சந்தா வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் காசுக்கு மாதம் ஒரு புத்தகம் வாங்கலாம். ஆனால் போனில் போட்டது ஏன் கிண்டிலுக்கு வரவில்லை என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதில் பாதியைச் செலவே இல்லாமல் சரிசெய்துவிடலாம்.

காகிதப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டால் கோடு அந்தத் தாளிலேயே இருக்கும். மின்னூலில் அப்படி இல்லை. பெரும்பாலும் புத்தகத்தின் மேல் எதுவும் எழுதப்படுவதே கிடையாது. இந்தக் கோப்பில், இந்த இடத்தில் தொடங்கி இந்த இடத்தில் முடியும் துண்டுக்கு மஞ்சள் பூசு என்று செயலி ஒரு தனிச் சீட்டில் குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் புத்தகத்தைத் திறக்கும்போது அந்தச் சீட்டைப் பார்த்து வண்ணம் பூசிக் காட்டுகிறது. இந்தச் சீட்டை இன்னொரு கருவிக்கு அனுப்புவதைத்தான் சிங்க் என்கிறோம். அங்கேயும் அதே கடையின் செயலி, அதே கணக்கு, அதே கோப்பு இருந்தால்தான் சீட்டுக்கு அர்த்தம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்திலிருந்து ஒரு நாவலை ஈபப் என்ற மின்னூல் வடிவில் இறக்கி, போனில் ஏதோ ஒரு செயலியில் திறந்து, அதே நாவலைக் கிண்டில் படிக்கக்கூடிய வடிவில் யுஎஸ்பி வழியாகக் கிண்டிலிலும் போட்டிருந்தீர்கள் என்றால், உங்களுக்கு அது ஒரே நாவல், கருவிகளுக்கு இரண்டு அந்நியப் புத்தகங்கள். வாசகி செய்திருப்பதும் அநேகமாக இதுதான்.

வழி என்னவென்றால், யுஎஸ்பியில் போடாமல், இறக்கிய ஈபப்பை அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்புங்கள். மின்னஞ்சலில் அனுப்பலாம், உலாவியிலிருந்தும் ஏற்றலாம்; 2022லிருந்து ஈபப்பை நேராகவே எடுத்துக்கொள்கிறது. அப்புறம் போனில் கிண்டில் செயலியை அதே கணக்கில் திறந்தால் அந்த நாவல் அங்கேயும் நிற்கும், பஸ்ஸில் விட்ட பக்கமும் போட்ட கோடும் ராத்திரி கிண்டிலில் கிடைக்கும். கிண்டில் ஏரோப்ளேன் மோடில் கிடந்தால் வராது. பேட்டரி மிச்சமாகும் என்று வைஃபையை அணைத்து வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

உண்மையில் உங்களுக்கு வேண்டியது அந்த முதல் பாதிதான், விட்ட பக்கம். மூன்று கருவியில் படிக்கிற யாருக்கும் அது வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பஸ்ஸில் ஏறி, இடம் பிடித்து, பையை மடியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தால் நேற்று ராத்திரி தூங்கிப்போன வரி கண் முன்னால் இருக்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டில் இரண்டு பேர் ஒரே கணக்கில் படித்தால் இது தொல்லையாகும். நீங்கள் 40ஆம் பக்கத்தில் இருப்பீர்கள், கருவி வந்து 212ஆம் பக்கத்துக்குப் போகலாமா என்று கேட்கும், வீட்டுக்காரர் முந்திவிட்டார் என்று அர்த்தம். நீங்கள் கோடு போட்ட வரிகளையும் அவர் பார்ப்பார். அது பரவாயில்லையா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் சமாச்சாரம்.

சரி, ஹைலைட்டுக்கு வருவோம். கிண்டிலைக் கணினியில் சொருகினால் உள்ளே 'மை கிளிப்பிங்ஸ்' என்று ஒரு சாதாரண உரைக்கோப்பு இருக்கும், நீங்கள் அந்தக் கருவியில் போட்ட எல்லாக் கோடும் தேதியோடு அதில் வரிசையாக விழுந்துகொண்டே இருக்கும். ஒருமுறை திறந்து பாருங்கள், சிரிப்பு வரும். என்னுடையதைப் போன வாரம் திறந்தேன். முதலில் ஒரு நல்ல வரி. அடுத்து அதே வரி, கடைசியில் இரண்டு சொல் கூடுதலாக. விரல் வழுக்கியதால் திருத்திப் போட்டிருக்கிறேன், இந்தக் கோப்போ பழையதை அழிக்காமல் புதியதைக் கீழே சேர்த்துக்கொண்டே போகும். அடுத்ததில் "என்றான்" என்று ஒரே ஒரு சொல், யார் என்றான், என்ன என்றான், ஒன்றும் தெரியாது. அதற்குக் கீழே ஒரு குறிப்பு: "அப்படியே பெரியப்பா!" அதைப் படித்ததும் அந்த நாவல் முழுக்க ஞாபகம் வந்தது. அந்தக் குறிப்பு மேலே இருந்த முப்பது ஹைலைட்டுக்குச் சமம்.

இதில் விஷயம் இருக்கிறது. ஹைலைட் என்பது இந்த வரி நன்றாக இருக்கிறது என்று விரல் சொல்வது. ஏன் நன்றாக இருக்கிறது என்பதை எங்கேயும் பதிவதில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வரி இருக்கும், காரணம் போயிருக்கும். 2013இல் அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் டன்லாஸ்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் மாணவர்கள் பயன்படுத்தும் பத்துப் படிப்பு முறைகளை, அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து எடைபோட்டார்கள். கோடு போடுவதும் ஹைலைட் செய்வதும் பயன் குறைந்தவை என்ற பட்டியலில் விழுந்தன. தன்னைத் தானே கேள்வி கேட்டுப் பார்ப்பதும், இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதும்தான் மேலே வந்தன. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் ஐந்து வண்ணத்தில் பூசுவதைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும், சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

அதற்காக ஹைலைட் செய்யவே கூடாது என்று சொல்ல வரவில்லை. படிக்கும்போது ஒரு வரியில் நின்று விரலை இழுப்பதே ஒரு சந்தோஷம், அது அங்கேயே முடிந்துவிட்டால் என்ன நஷ்டம்? கோடு எல்லாக் கருவியிலும் வந்தே ஆக வேண்டும் என்ற கவலைதான் அனாவசியம். புத்தக விமர்சனம் எழுதுகிறவர், மொழிபெயர்ப்பவர், வகுப்பெடுப்பவர், வாசகர் வட்டத்தில் மாதாமாதம் பேச வேண்டியவர், இவர்களுக்கு நிச்சயம் வேண்டும். கதை படிக்கிறவருக்கு ஒரே இடத்தில்தான் குறிப்பு நிஜமாகவே உதவும்: தடித்த நாவலில் பாத்திரங்கள் குவியும்போது. அதற்குக்கூட இன்னார் இன்னாருடைய மருமகன் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி போன் உறைக்குள் செருகி வைத்தால் எந்தக் கருவியில் படித்தாலும் கையில் இருக்கும். சந்தா கிடையாது, சார்ஜும் வேண்டாம்.

உங்களைப் பற்றி நீங்களே தெரிந்துகொள்ள ஒரு கேள்வி. கடந்த ஆறு மாதத்தில் பழைய ஹைலைட்டை வேண்டுமென்றே திறந்து பார்த்தது எத்தனை முறை? தற்செயலாகக் கண்ணில் பட்டது கணக்கில் வராது. பூஜ்யமோ ஒன்றோ என்றால், சேர்த்து வைக்கும் சேவை உங்களுக்கு இன்னொரு பரண்தான். ரீட்வைஸ் மாதிரியான சேவைகள் தினமும் நாலைந்து பழைய வரிகளை மின்னஞ்சலில் அனுப்பி நினைவூட்டும், யோசனை நல்லதுதான், ஆனால் அந்த மின்னஞ்சலைத் திறக்கிற ஆளா நீங்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு சிக்கல் உண்டு, ஆங்கில விளம்பரங்களில் இதெல்லாம் வராது. முதலாவது, அந்த ஞாயிற்றுக்கிழமை பிடிஎஃப்கள். பழைய தமிழ் நூல்களில் பெரும்பாலானவை பக்கத்தைப் படம் பிடித்த ஸ்கேன்கள். தமிழ் மின்னூலகத்திலும் 'நூலகம்' என்ற இலங்கைத் தமிழ் இணையதளத்திலும் கிடைப்பவற்றில் நிறைய அப்படித்தான், படத்தில் எழுத்தே இல்லாதபோது எதை ஹைலைட் செய்வது? அடுத்த வகை, யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்து முறைக்கு முந்தைய பாமினி எழுத்துரு, டிஸ்கி குறியாக்கம் போன்றவற்றில் தட்டச்சு செய்தவை. திரையில் அழகான தமிழ் தெரியும், வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் பூச்சி ஓடியது போல் எதுவோ வரும். எந்தச் சேவையில் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் அந்தப் பூச்சிதான் சேரும். கண்டுபிடிக்க எளிய வழி: பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சொல்லைத் தேடல் பெட்டியில் யூனிகோடில் அடியுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்தக் கோப்பில் ஹைலைட் பண்ணுவது வீண், பக்க எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கல் தேடல். கோடு போடாவிட்டாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம் என்று நானே பலரிடம் சொல்வேன், ஆங்கிலத்தில் அது ஓரளவு நடக்கும். தமிழில் "மரம்" என்று தேடினால் "மரத்தடியில்", "மரத்தை" எதுவும் சிக்காது, எழுத்தே மாறிவிடுகிறதே. அதனால் ஒரு பத்தி பிடித்திருந்தால் அதில் உருமாறாத, அபூர்வமான ஒரு சொல்லை மட்டும் மனதில் வையுங்கள்: ஒரு ஊர்ப்பெயர், ஒரு பாத்திரத்தின் பட்டப்பெயர். வேற்றுமை உருபு ஒட்டும்போது கடைசி எழுத்து மாறலாம் என்பதால் அதை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் அடித்தால் பெரும்பாலும் மாட்டும்.

அப்புறம், கடையின் கணக்கில் இருக்கும் குறிப்பு உங்களுடையதுதானா என்று ஒரு சந்தேகம் எப்போதும் இருக்க வேண்டும். 2009 ஜூலையில், விற்றவரிடம் உரிமை இல்லை என்று தெரிந்ததும் அமேசான் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' பதிப்பு ஒன்றை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து தூரத்தில் இருந்தபடியே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பள்ளிப் பாடத்துக்காக அதில் குறிப்பெழுதி வைத்திருந்த மிச்சிகன் மாணவர் ஒருவர் வழக்குப் போட்டார்: குறிப்பு இருக்கிறது, அது சுட்டிக்காட்டிய புத்தகம் இல்லை. மேலே சொன்ன சீட்டு மட்டும் மிஞ்சிய கதை இது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது புத்தக விலையைத் திருப்பித் தந்ததோடு, குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கணக்கில் வைத்தது. பத்துக் குறிப்பு எழுதியவருக்கும் 25 டாலர், ஆயிரம் எழுதியவருக்கும் 25 டாலர்.

எனவே உண்மையிலேயே வேண்டும் என்று படும் வரியை, புத்தகத்துக்கு நாலைந்துதான் தேறும், வெளியே எடுத்து வையுங்கள். போனில் உள்ள நோட்ஸ் செயலி போதும். புத்தகத்தின் பெயர், அத்தியாயம், வரி, அதன் கீழே ஏன் பிடித்தது என்று உங்கள் வார்த்தையில் அரை வரி. பக்க எண்ணை நம்பாதீர்கள், எழுத்தளவைப் பெரிதாக்கினால் பல செயலிகளில் அது மாறிவிடும்.

ஏற்கெனவே போட்டவற்றை வீணாக்க வேண்டாம். கிண்டில் கடையில் வாங்கிய புத்தகங்களின் ஹைலைட்டுகளை அமேசானின் நோட்புக் பக்கத்தில் உலாவியிலேயே பார்க்கலாம், செயலியிலிருந்து மின்னஞ்சலுக்கும் அனுப்பலாம். இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பதிப்பாளர் ஒரு வரம்பு வைத்திருப்பார், அதைத் தாண்டினால் மிச்சம் வெட்டுப்படும். யுஎஸ்பியில் போட்ட புத்தகங்களுக்கு அந்த 'மை கிளிப்பிங்ஸ்' கோப்பை நகலெடுத்தால் போதும். கூகுள் பிளே புக்ஸ் என்றால் குறிப்புகளைக் கூகுள் டிரைவில் சேமிக்கும்படி அமைப்பில் மாற்றிவிடலாம். போனில் வேறு செயலி என்றால் அதன் மெனுவில் எக்ஸ்போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இனி அதில் ஹைலைட் செய்யாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதலில் டேப்லெட்டில் இருப்பதை எடுத்துவிடுங்கள், கேமுக்கு இடம் போதவில்லை என்று பையன் அதை ஃபார்மேட் பண்ணுவதற்குள்.