வீட்டு கார் போர்ச்சில் மரவேலை செய்கிறேன். நுண்தூசிக்கு என்95 மாஸ்க் மட்டும் போதுமா?

போதாது. மாஸ்க் கடைசித் தடுப்புதான். தூசி காற்றில் கலப்பதற்கு முன்பே அதைப் பிடிக்க வேண்டும். நானும் கோலாலம்பூர் செந்தூலில் டெரஸ் வீட்டுப் போர்ச்சில் அலமாரி, மேசை என்று செய்கிறவன்தான். நம் வீடுகளுக்கு ஒத்துவருவதைச் சொல்கிறேன்.

"போர்ச் திறந்த இடம்தானே, காற்றில் போய்விடும்" என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நாள் இரவில் சாண்டர் (உப்புத்தாளால் மரத்தைத் தேய்க்கும் மெஷின்) ஓட்டிவிட்டு, விளக்கை அணைத்து, கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மெஷின் நின்று வெகுநேரம் ஆன பிறகும் ஒளிக்கற்றைக்குள் துகள்கள் மிதந்துகொண்டே இருக்கும். தரையில் விழும் மரத்தூளைக் கூட்டிவிடலாம். 10 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு, குறைந்த துகள்தான் நுரையீரலுக்குள் இறங்குகிறது, அசையாத காற்றில் அதில் மிக நுண்ணியது மணிக்கணக்கில் தொங்கும். பெரிய தூளும் சாதுவல்ல. அது மூக்கிலேயே தங்கும். மரத்தூசி மூக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே சொல்லிவிட்டது.

நுண்தூசி அதிகம் வருவது ரம்பத்தைவிட சாண்டரில்தான். சாண்டரோடு வரும் குட்டித் துணிப்பையை நம்பாதீர்கள், நுண்தூசி அதன் வழியே வெளியே வந்துவிடும். வேக்கம் கிளீனர் குழாயை நேராகச் சாண்டரில் மாட்டுங்கள். உப்புத்தாளின் துளைகளும் அடித்தட்டின் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். விலகினால் உறிஞ்சுவது குறைந்துவிடும். வேக்கத்தில் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இல்லையென்றால் முன்னால் உறிஞ்சிய நுண்தூசியைப் பின்னால் ஊதித் தள்ளும். முடிந்த இடத்தில் இழைப்புளியையே பிடியுங்கள். அதில் வருவது சுருள், தூசி கிடையாது. நியாதோ, மெராந்தி போன்ற மரங்கள் கூரான இழைப்புளிக்கு நன்றாகவே இணங்கும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகைக்கு அந்த வழி இல்லை. அதன் தூசி மாவு மாதிரி, பசையும் சேர்ந்தது. நான் அதைக் கடையிலேயே அளவாக வெட்டி வாங்கிக்கொள்கிறேன்.

மின்விசிறியை நேர் முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். உங்கள் உடம்பைச் சுற்றிவரும் காற்று, தூசியை முகத்துக்கே திருப்பிவிடும். பக்கவாட்டில், வாசல் பக்கம் தள்ளும்படி வையுங்கள். அப்புறம், பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்!

மாஸ்க்குக்கு வருவோம். புகைமூட்டக் காலத்தில் வாங்கி வைத்த என்95 இருந்தால், அதன் ரப்பர் பட்டை இன்னும் இழுவையோடு இருக்கிறதா பாருங்கள். தலையைச் சுற்றும் இரட்டைப் பட்டை உள்ளதே முகத்தில் நன்றாகப் பதியும். தாடி இருந்தால் ஓரம் கசியும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது சீக்கிரமே வியர்வையில் நனைந்துவிடும், நனைந்தால் மாற்றிவிடுங்கள். வாராவாரம் வேலை செய்கிறவருக்கு, நுண்தூசியை என்95-ஐவிட நன்றாகத் தடுக்கும் பி100 ஃபில்டர் போட்ட ரப்பர் அரைமுக மாஸ்க் நல்லது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு மாஸ்க்கை மட்டும் கழுவி வைத்துக்கொள்ளலாம். ஆனால் தின்னர், வார்னிஷ் ஆவியை அந்தத் தூசி ஃபில்டர் நிறுத்தாது, அதற்குத் தனி கார்ட்ரிட்ஜ் வேண்டும்.

வேலை முடிந்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பெருக்குவதுதான் எல்லோரும் செய்வது. பெருக்கும்போதுதான் படிந்ததெல்லாம் மறுபடி எழும்பும். மாஸ்க்கோடே வேக்கம் போடுங்கள், மிச்சத்தை ஈரத்துணியால் துடையுங்கள். கம்ப்ரஸரால் சட்டையை ஊதாதீர்கள். சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போங்கள், குறிப்பாக வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால்.